கடைசி ஹோம் கேமில் யாருக்குக் கை தட்டுவது?

பிப்ரவரி முடிந்து மார்ச் பிறக்கும் வாரத்தில் அமெரிக்கக் கல்லூரி பாஸ்கெட்பால் அரங்குகளில் ஊருக்கு ஊர் ஒரே சடங்கு. சீசனின் கடைசி ஹோம் கேம், அதாவது சீனியர் நைட். ஆடும் தகுதி முடிந்து வெளியேறுகிற சீனியர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைப்பார்கள். அம்மா, அப்பாவோடு நடு கோர்ட்டுக்கு நடந்து வருவார்கள். அம்மா கையில் பூங்கொத்து, பிள்ளை கையில் கண்ணாடிச் சட்டத்தில் அடங்கிய ஜெர்சி, கோச் கட்டி அணைப்பார், ஒரு போட்டோ, உடனே அடுத்த பெயர். நாலைந்து பேர் என்றால் பத்து நிமிஷத்துக்குள் காரியம் முடிந்துவிடும். அந்தப் பத்து நிமிஷத்தில் எழுந்து நின்று கை தட்டுவதில் ரசிகர்களுக்கு ஒரு காலத்தில் எந்தக் குழப்பமும் இருந்ததில்லை. இப்போது இருக்கிறது. போன கோடையில், கல்லூரி மாற விரும்புகிறவர்கள் பெயர் பதிகிற டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக, மூன்றாவது நாலாவது கல்லூரியாக இங்கே வந்து சேர்ந்து, ஒரே சீசன் ஆடியவருக்கும் அதே சட்டம் போட்ட ஜெர்சிதான். மூன்று வருஷம் இங்கேயே வியர்வை சிந்திவிட்டு, அடுத்த மாதம் தொழில்முறை லீகான என்.பி.ஏ. ஆள் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டுக்குப் பெயர் கொடுக்கப் போகிற ஜூனியரோ (மூன்றாம் ஆண்டு மாணவர்) ஓரமாக நின்று கை தட்டிக்கொண்டிருப்பார். அவருக்கு ஜெர்சியும் இல்லை, பூங்கொத்தும் இல்லை. அப்படியானால் நாம் தட்டுவது எதற்கு? எடுத்த புள்ளிகளுக்கா, இருந்த வருஷங்களுக்கா, அல்லது தகுதிக் காலம் தீர்ந்துபோன ஒரே காரணத்துக்கா?

பழக்கதோஷத்தில் வரும் கேள்வி என்று இதைத் தள்ளிவிட முடியவில்லை. சடங்கு எப்படி நடக்கிறது என்று கிட்டப் போய்ப் பார்த்தால், அது யாருக்காக உண்டானது என்பது கொஞ்சம் கொஞ்சமாகப் புலப்படுகிறது.

முன்னாலா, பின்னாலா

விழாவை ஆட்டத்துக்கு முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா என்பதுதான் முதல் சிக்கல். டிவி குறித்துக் கொடுத்த நேரத்தை யாரும் நகர்த்த முடியாது. 7 மணிக்கு ஆட்டம் என்றால் விழா 6:40 வாக்கிலேயே தொடங்கியாக வேண்டும். அந்த நேரத்தில் மாணவர் பகுதி நிரம்பியிருக்கும்; சீசன் டிக்கெட் வைத்திருக்கிற பெரியவர்கள் இன்னும் பார்க்கிங்கில் இடம் தேடிக்கொண்டிருப்பார்கள். முதலில் அழைக்கப்படுகிற பெயர் பாதி காலியான அரங்கில் எதிரொலிக்கும். பின்னால் வைத்தால் வேறு ஆபத்து: தோற்றுப்போனால் கூட்டம் கலைந்துவிடும். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆடத் தொடங்குகிறவர்கள் முதல் சில நிமிஷங்கள் தடுமாறுவார்கள் என்பதால், முன்கூட்டியே விழா வைப்பது பல கோச்களுக்குப் பிடிக்காது.

இந்தியானா, கான்சஸ் கல்லூரிகள் பின்னால் வைக்கிற கட்சி. இந்தியானாவில் கோச் பாப் நைட் காலத்திலிருந்து வந்த வழக்கம்: ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொரு சீனியரும் மைக்கைப் பிடித்துப் பேசுவார். கான்சஸின் ஆலன் ஃபீல்ட் ஹவுஸ் 1955இல் திறந்த பழைய அரங்கு. அங்கேயும் ஆட்டத்துக்குப் பிறகு சீனியர்கள் பேசுவார்கள், கூட்டம் உட்கார்ந்து கேட்கும். ஆட்டம் தொடங்குமுன் சீனியர்களை அறிமுகப்படுத்தும்போது ரசிகர்கள் பூக்களை கோர்ட்டில் வீசுவதும் அந்த ஊர் வழக்கம். பார்க்க அழகு. ஆனால் நசுங்கிய இதழும் தண்டு ஈரமும் மரத்தரையில் கிடந்தால் கணுக்கால் போகும், ஆகவே பந்து வீசப்படுமுன் துடைப்பத்தோடு ஆள் ஓட வேண்டும். விளையாட்டு நடக்கும்போது வீசினால் கதையே வேறு. கூட்டம் எதையாவது எறிந்து ஆட்டம் தடைபட்டால் சொந்த அணி தலையிலேயே டெக்னிக்கல் ஃபவுல் விழக்கூடும், எதிரணிக்கு ஃப்ரீ த்ரோ கிடைக்கும்.

கென்டக்கியில் முன்னால்தான். சீனியரின் படம் வரைந்த பெரிய காகித வளையத்தைக் கிழித்துக்கொண்டு அவரே ஓடி வருவார். எல்லோரும் வந்து சேர்ந்ததும் மாநிலப் பாடல். மிச்சிகன் ஸ்டேட்டில் ஆட்டத்தின் கடைசி நிமிஷங்களில் சீனியரை வெளியே எடுப்பார்கள். அவர் நேரே நடுக் கோர்ட்டுக்குப் போய், குனிந்து, அங்கே வரைந்திருக்கும் ஸ்பார்ட்டன் சின்னத்தை முத்தமிட்டுவிட்டுத்தான் பெஞ்சுக்குப் போவார்.

இப்படி ஒவ்வொருவராக வெளியே எடுத்துக் கைத்தட்டல் வாங்கிக் கொடுப்பது சுலபம் என்று தோன்றும். பந்து உயிரோடு இருக்கும்போது ஆள் மாற்ற முடியாது. யாராவது ஃபவுல் செய்ய வேண்டும், அல்லது பந்து வெளியே போக வேண்டும், அல்லது கையிலிருக்கும் டைம்-அவுட்டை எடுக்க வேண்டும். மூன்று சீனியரை மூன்று தடவையாகத் தனித்தனியே எடுக்க வேண்டுமென்றால் மூன்று நிறுத்தங்கள் தேவை. 30 விநாடி மீதமிருக்கும்போது அதை யோசிக்கிற கோச்சுக்கு நேரம் போதாது, மூவரையும் மொத்தமாக எடுத்துவிடுவார், தனித்தனிக் கைத்தட்டல் ஒன்றாகக் கரைந்துபோகும். பத்துப் பன்னிரண்டு புள்ளி முன்னிலை இருந்தால் இரண்டு நிமிஷம் இருக்கும்போதே தொடங்குவது நல்லது. தோற்றுக்கொண்டிருக்கும்போது செய்வது எனக்குச் சம்மதமில்லை. அந்தச் சீனியருக்கும் அது பிடிக்காது.

பத்து நிமிஷத்துக்கு முன் எழுதிக் கொடுத்த பெயர்

அழைக்கும் வரிசையையும் கவனிக்க வேண்டும். பல அரங்குகளில் பெஞ்சின் கடைசி நாற்காலியில் தொடங்கி நட்சத்திரத்தில் முடிப்பார்கள். முதலில் வருபவர்கள் மாணவ மேனேஜர்கள்: நாலு வருஷம் துண்டு மடித்து, பந்து பொறுக்கிப் போட்டு, வீடியோ வெட்டிக் கொடுத்தவர்கள். அடுத்து வாக்-ஆன். ஸ்காலர்ஷிப் கிடையாது, படிப்புச் செலவு வீட்டுப் பணத்தில். அடுத்த வாரம் மோதப் போகிற அணியின் ஆட்டத்தை மனப்பாடம் செய்து, பயிற்சியில் அந்த அணியாகவே ஆடி, சொந்த அணியின் முதல் ஐவரிடம் தினமும் இடி வாங்குவதுதான் அவர் வேலை. 25 புள்ளி முன்னிலையில் இருக்கும்போது கடைசி ஒரு நிமிஷம் உள்ளே விடுவார்கள். அந்த ஒரு நிமிஷத்தில் அவர் ஒரு கூடை போட்டால் மாணவர் பகுதி ஆடுகிற ஆட்டம் நட்சத்திரத்தின் டங்குக்குக்கூட வராது.

சீனியர் நைட்டில் இவரை ஸ்டார்டிங் ஃபைவில் இறக்குவது பழைய மரியாதை. அதிலும் விதி உண்டு. ஆட்டம் தொடங்க 10 நிமிஷம் இருக்கும்போதே முதல் ஐவரின் பெயரை ஸ்கோரரிடம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அதன்பிறகு, காயம் போன்ற காரணமில்லாமல், மனம் மாறினால் டெக்னிக்கல் ஃபவுல். ஆகவே இறக்கியவரைக் குறைந்தது முதல் தடவை பந்து நிற்கும்வரையாவது கோர்ட்டில் வைத்தாக வேண்டும். எதிரணிக்கு இது தெரியும். முதல் பந்தே அந்த வாக்-ஆன் காவல் காக்கிற ஆளிடம்தான் போகும். இரண்டு மூன்று புள்ளி போகலாம் என்று ஒத்துக்கொண்டுதான் கோச் அந்தப் பெயரை எழுதுகிறார். அந்தச் சில புள்ளிதான் அந்த மரியாதையின் விலை.

நார்த் கரோலைனாவின் கோச் டீன் ஸ்மித் இதில் எல்லோரையும் மிஞ்சியவர். கடைசி ஹோம் கேமில் சீனியர் அத்தனை பேரும் தொடக்க ஆட்டக்காரர்கள், வழக்கமாக ஆடாதவர்கள் உட்பட. ஒரு சீசனில் ஆறு சீனியர்கள் சேர்ந்துவிட்டார்கள். யாரை விடுவது? ஆறு பேரையும் கோர்ட்டில் நிறுத்தினார், டெக்னிக்கல் ஃபவுலை வாங்கிக்கொண்டார். ஆறாமவரைப் பெஞ்சில் உட்கார வைப்பதைவிட எதிரணிக்கு ஃப்ரீ த்ரோ கொடுப்பது அவருக்கு மலிவாகத் தெரிந்திருக்கிறது.

பரிசு ஆட்டத்துக்குள் நுழையும்போது எங்கே கோடு கிழிப்பது என்ற சண்டையும் பழையதுதான். 1998 பிப்ரவரியில் கனெக்டிகட் பெண்கள் அணியின் சீனியர் நைகேஷா சேல்ஸுக்குக் குதிகால் தசைநார் அறுந்தது. கல்லூரியின் மொத்தப் புள்ளிச் சாதனைக்கு ஒரே ஒரு புள்ளி பாக்கி. அடுத்த ஆட்டம் வில்லனோவாவில். இரு கோச்களும் பேசிவைத்து, கட்டுப்போட்ட காலோடு அவரைக் கூடைக்கு அடியில் நிற்கவைத்து, யாரும் தடுக்காமல் ஒரு கூடை போடவிட்டார்கள். பதிலுக்கு வில்லனோவாவும் ஒரு கூடை போட்டுக்கொண்டது. 2-2 என்று ஆட்டம் தொடங்கியது. நாடே இரண்டு பட்டது. என் கட்சி: மனசு நல்லது, முறை தவறு. டீன் ஸ்மித் தன் அணியின் பாக்கெட்டிலிருந்து விலையைக் கொடுத்தார். இங்கே விலையைக் கொடுத்தது புள்ளிப் பட்டியல்.

1992, கென்டக்கி

கைத்தட்டல் எதற்கு என்ற கேள்விக்கு ஒரு ஊர் வாய்விட்டுப் பதில் சொன்னது 1992இல்தான். அதற்கு மூன்று வருஷம் முன்னால் கென்டக்கி பாஸ்கெட்பால் தரைமட்டமாகிக் கிடந்தது. 1988-89 சீசனில் 13 வெற்றி, 19 தோல்வி; 1927க்குப் பிறகு முதன்முறையாகத் தோல்விக் கணக்கு. ஆள் சேர்ப்பு ஊழலில் கோச் எடி சட்டன் பதவி விலகினார். 1989 மே மாதம், கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.யின் தண்டனை வந்தது: சீசன் முடிவில் தேசியப் பட்டத்துக்கு நடக்கும் டோர்னமென்ட் இரண்டு வருஷம் கிடையாது, ஒரு வருஷம் நேரலை டிவியே கிடையாது. ஆட்டக்காரர் கிறிஸ் மில்ஸ் இனிக் கென்டக்கிக்கு ஆடக்கூடாது என்றே உத்தரவு. அவர் அரிசோனா போனார். லெரான் எல்லிஸ் சிரக்யூஸ் போனார். ரிக் பிட்டினோ புதுக் கோச்சாக வந்தபோது கையில் ஸ்காலர்ஷிப் ஆட்டக்காரர்கள் எட்டே பேர்.

அப்போது போகாமல் இருந்தவர்களில் நால்வர்: மலைப்பக்கத்து கிளே கவுன்டியிலிருந்து ரிச்சி ஃபார்மர், பெயின்ட்ஸ்வில்லிலிருந்து ஜான் பெல்ஃபிரி, மேஸ்வில்லிலிருந்து டெரான் ஃபெல்டாஸ், இந்தியானாபொலிஸிலிருந்து ஷான் வுட்ஸ். மூவர் கென்டக்கி மண்ணின் பிள்ளைகள், ஒருவர் பக்கத்து மாநிலம். இவர்களைத் தியாகிகள் ஆக்கிவிடக் கூடாது. எட்டுப் பேர் இருக்கிற அணியில் ஆடும் நேரம் தாராளமாகக் கிடைக்கும். பெரிய கல்லூரிகள் இவர்களுக்காக வாசலில் வரிசை கட்டி நிற்கவுமில்லை. ஆனாலும் தண்டனை என்ன என்று தெரிந்தே, டிவியில் வீட்டார்கூடப் பார்க்க முடியாத சீசனை ஆட ஒப்புக்கொண்டார்கள். அந்த 1989-90 சீசன் 14-14 என்று முடிந்தது. அடுத்த வருஷம் கென்டக்கி ஆடும் லீகான எஸ்.இ.சி.யில் 14-4, எல்லோரையும்விட மேல். ஆனால் தண்டனைக் காலம் என்பதால் பட்டம் கணக்கில் வராது, டோர்னமென்டும் இல்லை. 1991-92இல்தான் கதவு திறந்தது. அணியின் நட்சத்திரம் அப்போது இரண்டாம் ஆண்டு மாணவர் ஜமால் மாஷ்பர்ன், இந்த நால்வரும் அல்ல.

மார்ச் 28, ஃபிலடெல்ஃபியா, டோர்னமென்ட் ஆட்டம், எதிரே டியூக் கல்லூரி. கூடுதல் நேரத்தில் ஷான் வுட்ஸ் பலகையில் தட்டிப் போட்ட பந்து கென்டக்கியை 103-102 என்று முன்னே கொண்டுபோனது. மிச்சம் 2.1 விநாடி. கிராண்ட் ஹில் கோர்ட்டின் மறுமுனையிலிருந்து எறிந்த பந்தைக் கிறிஸ்டியன் லெய்ட்னர் பிடித்து, திரும்பி, போட்டார். 104-103. அந்த ஆட்டத்தில் அவர் எடுத்த 10 ஷாட்டும் 10 ஃப்ரீ த்ரோவும் ஒன்றுவிடாமல் உள்ளே. கென்டக்கிக்காரர்கள் நினைத்துப் பார்க்க விரும்பாத ஒன்று: லெய்ட்னரும் நாலு வருஷம் ஒரே கல்லூரியில் நின்ற சீனியர்தான்.

சில நாட்கள் கழித்து கென்டக்கியின் ரப் அரங்கில் சீசன் பாராட்டு விழா. விளையாட்டுத்துறை இயக்குநர் சி.எம். நியூட்டன் நால்வரையும் அழைத்து மேலே பார்க்கச் சொன்னார். கூரையில் 11, 12, 32, 34 எண் ஜெர்சிகள். கென்டக்கி கூரையில் ஜெர்சி ஏறுவது லேசான காரியமல்ல. தேசியப் பட்டம் வென்றவர்களும், நாட்டின் சிறந்த ஆட்டக்காரர்களாகத் தேர்வான ஆல்-அமெரிக்கன்களும் இருக்கிற வரிசை அது. இந்த நால்வரிடம் பட்டம் இல்லை, கடைசி நாலு அணிகள் மோதும் ஃபைனல் ஃபோர்கூட இல்லை, மொத்தப் புள்ளிப் பட்டியலின் உச்சியில் எவரும் இல்லை. கடைசி ஆட்டத்தில் தோற்றவர்கள். ஆனால் அந்த முடிவை மிகையென்று அந்த ஊரில் சொன்னவர்கள் அபூர்வம். போகக் காரணம் இருந்த நேரத்தில் போகாமல் இருந்ததற்குத்தான் அந்த ஜெர்சிகள்.

அதே மேஸ்வில்லிலிருந்து

இருபது வருஷம் கழித்து அதே அரங்கு. என்.பி.ஏ.யில் சேர 19 வயது ஆகியிருக்க வேண்டும் என்ற விதி 2006 டிராஃப்டிலிருந்து நடைமுறைக்கு வந்தபின், ஒரே வருஷம் ஆடிவிட்டுப் போகிறவர்களின் தலைநகராகவே கென்டக்கி மாறியிருந்தது. 2012இல் பட்டம் வென்ற அணியிலிருந்து ஆறு பேர் டிராஃப்டில் எடுக்கப்பட்டார்கள். ஆந்தனி டேவிஸ் முதலிடம், மைக்கேல் கிட்-கில்கிறிஸ்ட் இரண்டாமிடம், இருவரும் முதலாண்டு மாணவர்கள். அந்த ஆறு பேரில் சீனியர் நைட்டில் காகித வளையத்தைக் கிழித்து ஓடி வந்தவர் ஒருவர்தான்: 46ஆவதாக எடுக்கப்பட்ட டேரியஸ் மில்லர். ஃபெல்டாஸின் அதே மேஸ்வில் ஊர்க்காரர். மீதி ஐந்து பேரை ரசிகர்கள் கடைசி ஹோம் கேமில் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். போகப்போகிறார்கள் என்று ஊகித்துக்கொண்டும் இருந்தார்கள். ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயத்துக்கு வழியனுப்பு விழா நடத்த முடியாது.

அதன்பிறகு மூன்று அடி. கொரோனாவால் 2020 மார்ச் 12 அன்று டோர்னமென்ட் ரத்தானது. அந்த வருஷத்துச் சீனியர்கள் கடைசி ஆட்டம் எது என்று தெரியாமலே ஆடி முடித்திருந்தார்கள். அடுத்த 2020-21 சீசன் தகுதிக் கணக்கில் சேராது என்று என்.சி.ஏ.ஏ. அறிவிக்க, ஐந்தாம் வருஷம், ஆறாம் வருஷம் ஆடுகிற சூப்பர் சீனியர்கள் உருவானார்கள். போன வருஷம் பூங்கொத்து வாங்கியவரே இந்த வருஷமும் வாங்கினார். இரண்டாம் தடவை தட்டும்போது கைக்கு அதே வேகம் வருவதில்லை. கல்லூரி மாறினால் ஒரு வருஷம் ஆடாமல் உட்கார வேண்டும் என்று இருந்ததை, 2021இல் ஒரு தடவை மாறினால் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை என்றார்கள். 2024 ஏப்ரலில் படிப்பு ஒழுங்காக இருந்தால் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாறலாம் என்று ஆயிற்று. ஆட்டக்காரர்களுக்கு இது நியாயமே. கோச்கள் பணத்துக்காகக் கல்லூரி மாறியபோது யாரும் அவர்களை ஒரு வருஷம் வீட்டில் உட்காரச் சொல்லவில்லை.

அயோவாவில் மூன்று நாள் முன்னதாக

யார் போகிறார் என்று தெரிந்தால் கூட்டம் என்ன செய்யும் என்பதற்கு 2024 அயோவா நல்ல சாட்சி. அயோவா பெண்கள் அணியின் நட்சத்திரம் கெய்ட்லின் கிளார்க்குக்குக் கொரோனா வருஷத்தால் இன்னொரு சீசன் பாக்கி இருந்தது. பிப்ரவரி 29, வியாழக்கிழமை, போகிறேன் என்று அறிவித்தார். ஞாயிற்றுக்கிழமை, மார்ச் 3, கடைசி ஹோம் கேம், எதிரணி ஒஹையோ ஸ்டேட். அரைநேரத்துக்கு ஒரு விநாடிகூட இல்லாதபோது கிடைத்த டெக்னிக்கல் ஃப்ரீ த்ரோவில் கல்லூரி ஆட்டத்தில் பீட் மாராவிச் வைத்திருந்த 3,667 புள்ளிச் சாதனையைத் தாண்டினார். 35 புள்ளி, அயோவா 93-83. வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு ஏப்ரலில் அறிவித்திருந்தாலும் சாதனை அதேதான். அந்த மூன்று நாள்தான் அயோவாவின் கார்வர்-ஹாக்ஐ அரங்குக்கு விடை கொடுக்க வாய்ப்புத் தந்தது. போவதென்று முடிவெடுத்துவிட்ட ஜூனியர்களும் இப்படி முன்கூட்டிச் சொன்னால் பாதிக் குழப்பம் தீரும். டோர்னமென்டுக்கு முன் கவனம் சிதறும் என்று கோச்கள் தடுப்பதும் எனக்குப் புரிகிறது.

அதே நாள் வரிசையில் நின்ற இன்னொருவர் கேட் மார்ட்டின். முதல் வருஷம் முழங்கால் தசைநார் கிழிந்து உட்கார்ந்து, பிறகு ஐந்து சீசன், ஆக அயோவாவில் ஆறு வருஷம். ஏப்ரலில் கிளார்க்குக்குக் கை தட்டத்தான் புரூக்ளினில் பெண்கள் தொழில்முறை லீகின் டிராஃப்டுக்குப் போய்ப் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தார். 18ஆவது தேர்வாக லாஸ் வேகஸ் ஏசஸ் அணி அவர் பெயரையே அழைத்தது.

பெண்கள் ஆட்டத்தில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: டோர்னமென்டில் முதல் 16 இடம் பெறும் அணிகள் முதல் இரண்டு சுற்றைச் சொந்த ஊரிலேயே ஆடும். சீனியர் டே முடிந்தபின் அயோவா அங்கே மேலும் இரண்டு ஆட்டம் ஆடியது. வெஸ்ட் வர்ஜீனியாவை 64-54 என்று வென்றதுதான் கிளார்க் அயோவாவுக்காக அந்த அரங்கில் ஆடிய கடைசி ஆட்டம். பூங்கொத்து நாளோடு டிக்கெட்டை விற்றுவிடுகிறவர்கள் உண்மையான கடைசி ஆட்டத்தைத் தவறவிடுவார்கள்.

ஒரு வரி கூடுதலாக

ஒரு வருஷம் ஆடியவருக்கும் ஜெர்சி கொடுக்கட்டும். அவரைப் பெற்றவர்கள் ஐந்து வருஷமாக எந்தெந்த ஊருக்கோ கார் ஓட்டிப் போய்ப் பார்த்தவர்கள். அவர்களுக்கு இது ஒன்றுதான் கடைசி. ஆனால் அறிவிப்பாளர் சொந்த ஊர், படிப்பு, பெயர் என்று படிப்பதோடு இன்னொரு வரி சேர்க்க வேண்டும்: இந்த அரங்கில் எத்தனை சீசன். அதைச் சொல்லிவிட்டால் சத்தத்தின் அளவைக் கூட்டமே பார்த்துக்கொள்ளும். பெயரைத் தப்பாகப் படிப்பது இன்னொரு பெருங்குறை. வெளிநாட்டுப் பெயர் என்றால் அவர் வாயாலேயே ஒலிப்பதிவு செய்து வாங்கிவைப்பது அரைமணி நேர வேலைகூட இல்லை. பெற்றோர் விசா கிடைக்காமல் வர முடியாதவருக்குத் திரையில் வீடியோ போடுவதானால் 30 விநாடி போதும். அதற்கு மேல் போனால் அந்தப் பிள்ளை நடுக் கோர்ட்டில் தனியாக நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிவரும்.

ரசிகர்கள் செய்கிற பெரிய தப்பு, கையை நட்சத்திரத்துக்காகச் சேமித்து வைப்பது. முதல் பெயருக்கு உட்கார்ந்தபடி நாலு தட்டு, கடைசிப் பெயருக்கு எழுந்து நின்று ஆரவாரம். நட்சத்திரத்துக்கு இன்னும் பல அரங்குகள் பாக்கி. ஒரு வழக்கில் ஏற்பட்ட ஒப்பந்தப்படி 2025 ஜூலையிலிருந்து கல்லூரிகளே ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கின்றன. அதே ஒப்பந்தத்தில் சேர்ந்த கல்லூரிகளில் பாஸ்கெட்பால் அணிக்கு மொத்தம் 15 பேர்தான் என்று வரம்பும் வந்துவிட்டது. முன்பு ஆண்கள் அணியில் ஸ்காலர்ஷிப் 13 என்பதற்குத்தான் வரம்பு. அதற்கு மேல் எத்தனை வாக்-ஆன் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே அணியில் இருந்தவர்களுக்கு விலக்குக் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் முடிந்து போனபின் முதலில் அழைக்கப்படுகிற அந்தப் பெயருக்கான இடம் பல அணிகளில் சுருங்கிவிடும். இந்த மார்ச்சில் 7 மணி ஆட்டத்துக்கு டிக்கெட் வைத்திருப்பவர்கள் 6:30க்கே இருக்கையில் இருந்தால், அந்தப் பெயர் அழைக்கப்படும்போது அரங்கு நிறைந்திருக்கும்.